கவிநிலாவின் ஹோம் டைரக்டரி

இறந்து இருபத்துமூன்று நாளான கவிநிலாவின் கோப்பு, அன்று மதியம் இரண்டு பதினான்குக்குத் திருத்தப்பட்டதாகத் திரை காட்டியது. மதிவதனி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பதினைந்து.

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் சேருவதற்குள் பஸ் பிடிக்க வேண்டுமென்று கல்லூரி பன்னிரண்டு மணிக்கே காலியாகியிருந்தது. கம்ப்யூட்டர் லேபில் அவளும், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த சகாதேவனும் மட்டும்தான். கீழ்பென்னாத்தூர் பக்கம் கடலை போடுகிறவர், கவிநிலாவின் அப்பா. காமாலையில் போன மகள் கம்ப்யூட்டரில் என்ன எழுதி வைத்திருக்கிறாள் என்று தெரிய வேண்டுமாம். பாஸ்வேர்ட் தெரியாது என்றார். தேவையில்லை என்றாள் லேப் பொறுப்பாளரான மதிவதனி. யாருக்கு எந்த இடம் என்ற பட்டியல் சர்வரிலேயே இருக்கிறது. நாலு வரி ஸ்கிரிப்ட் போட்டால் அந்தப் பெண்ணின் ஹோம் டைரக்டரி, அவள் கோப்புகளின் வீடு, தானாக வந்து நிற்கும்.

வந்து நின்றது. உள்ளே ஒரே ஒரு கோப்பு.

ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினாள். திருத்திய நேரம் இப்போது இரண்டு பதினாறு. வேறு எந்த மெஷினும் ஓடவில்லை. யுபிஎஸ்ஸின் முனகலும், ஏசியிலிருந்து இறங்கிய ஈரத்துணி வாடையும், மூடிய ஜன்னலுக்கு அப்பால் செங்கம் ரோட்டில் விடாமல் அடித்த பஸ் ஹாரனும் எல்லாம் எப்போதும்போலவே இருந்தும், தன் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் அவளுக்குப் பிடரி சில்லிட்டது.

கோப்பைத் திறந்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ்.

மேடம், எனக்குக் காமாலை வரல. மோட்டார் போட்டுட்டுத்தான் கிணத்துல தள்ளினாரு. கத்தினது யாருக்கும் கேக்கல. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டாதீங்க.

"என்ன எழுதியிருக்கா? படிச்சுக் காட்டுங்க டீச்சரம்மா. எனக்கு எழுத்து தெரியாது."

"பாடம்தாங்க. எல்லாம் காலேஜ் பாடம்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

"எழுத்துதான் தெரியாது. மூஞ்சி தெரியும்," என்றார் நிதானமாக. "அழிச்சிடு. நீயும் நல்லபடியா வீடு போய்ச் சேரணும்ல."

அழித்தாள். மன்னிச்சிடும்மா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அழித்தாள். போய்விட்டதா என்று பார்க்கச் சொன்னார். ஸ்கிரிப்டை ஓட்டினாள்.

கவிநிலா என்ற பெயர் அப்படியே இருந்தது. எதிரே, அவள் வீடு இருக்கும் இடம். அது மாறியிருந்தது.

சகாதேவன்.

அப்படி ஒரு பெயரே சர்வரில் கிடையாது.

"போச்சா?" என்று கேட்டார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு கைகளும் தாமாக நீண்டன. அணைந்திருந்த பக்கத்து மெஷினின் கீபோர்டில் இறங்கின.

மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்கள். பத்தும். கீபோர்டைப் பார்க்காமல். கவிநிலா அடிக்கிற அதே வேகம்.

மெஷினில் கரண்ட் இல்லை. மதிவதனியின் திரையில், அவள் அழித்த அதே வரிகள் ஏறின.

அவர் தன் கைகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்கள் கெஞ்சின. ஒரு நகம் பெயர்ந்தது. இன்னொன்று. கீபோர்டின் எழுத்துகள் சிவந்தன.

விரல்கள் நிற்கவில்லை.