மேலத்தெருவில் சைக்கிள் ஊர்வலம்

"இறங்குன்னு சொல்றேன்ல! இறங்கு கீழே!"

"எதுக்கு இறங்கணும்? இது கவர்மெண்டு ரோடு!"

"டேய், பொடிப்பயலே! யார்ட்டப் பேசுறோம்னு தெரிஞ்சு பேசு!"

"தெரியலையே! நீங்க யாரு?"

இப்படிக் கேட்டவன் நல்லகாமன், ஏழாம் வகுப்பு மாணவன். கேட்கப்பட்டவர் உக்கிரபாண்டி, அந்த ஊர் மேலத்தெருவின் பெரிய வீட்டுக்காரர். அவரைப் பார்த்து "நீங்க யாரு" என்று கேட்கும் ஆள் அதுவரை பிறக்கவில்லை என்றுதான் ஊரே நினைத்திருந்தது. பிறந்துதான் இருக்கிறான் போல. மதுரையிலிருந்து வாடகை சைக்கிளில் வந்து, எதிரே நின்று முறைத்துக்கொண்டிருந்தான்.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும். அங்கே நமக்கும் நாலு சொந்தம் உண்டு. நாளைக்குக் கல்யாணம் காட்சியில் முகத்தில் விழிக்க வேண்டாமா? எழுபத்தொன்பதாம் வருஷம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் சொல்லி வைக்கலாம்.

சண்டை போட்டது நல்லகாமன். ஆனால் சண்டை அவனுக்காக வந்ததல்ல, தங்கப்பொண்ணுக்காக வந்தது. அவளோ வாயே திறக்கவில்லை. முதல் அதட்டலிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்தையே பார்த்தபடி நின்றாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற வகுப்புத் தோழி சீனியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த ஊருக்கு வகுப்பை அழைத்து வந்ததே தங்கப்பொண்ணுதான். மதுரை வண்டியூரில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கிற அவள், தன் ஊர்ப் பெருமையை ஒரு வருஷமாக அளந்துகொண்டிருந்தாள். "எங்க ஊர்க் குன்றுல, அந்தக் காலத்துச் சாமியாருக படுத்த கல் படுக்கை இருக்கு. தலையணைகூடக் கல்லுதான்!" என்பாள்.

கல் தலையணையைப் பார்க்க வேண்டும் என்று வகுப்பே கண்ணுச்சாமி சாரைப் பிடுங்கி எடுத்தது. கடைசியில், தெப்பக்குளத்துக் கடையில் வாடகை சைக்கிள்கள் எடுத்து, கால் எட்டாதவர்கள் குரங்குப் பெடல் போட்டு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று.

"ஏன் இறங்கிட்டே?" என்று சீனியம்மாள் மெல்லக் கேட்டாள்.

"எங்க வீடு கண்மாய்க்கு அந்தப் பக்கம் காலனியில இருக்கு. காலனிக்காரங்க மேலத்தெருவுல சைக்கிளை மிதிக்கக் கூடாது. தள்ளிட்டுத்தான் போகணும். மதுரையில மிதிச்சு மிதிச்சு எனக்கு மறந்தே போச்சு."

"இது யார் போட்ட சட்டம்?"

தங்கப்பொண்ணு தோளைக் குலுக்கினாள். யார் போட்டது என்று உக்கிரபாண்டியைக் கேட்டிருந்தாலும் அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சட்டத்தைக் காவல் காப்பதில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை. அன்றைக்கு அவர் வீட்டில் விசேஷம். மகள் முத்துத்தாய்க்குப் பரிசம் போட டி. கல்லுப்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பட்டுக்கரை வேட்டி கட்டி, வாசலில் வாழைமரம் கட்டுகிறவனை ஒரு கையால் விரட்டிக்கொண்டே, இன்னொரு கையால் இந்தக் காவலையும் பார்த்தார் மனுஷன்.

"நாம எல்லாரும் சேர்ந்தே மிதிப்போம்!" என்று குதித்தான் நல்லகாமன். "தங்கப்பொண்ணை நடுவுல விடுவோம். என்ன செஞ்சிருவாங்க, பார்த்துருவோம்!"

"உனக்கென்ன!" என்றாள் தங்கப்பொண்ணு. அப்போதுதான் நிமிர்ந்தாள். "நீ சாயங்காலம் மதுரைக்குப் போயிருவே. எங்கப்பா நாளைக்கு விடிஞ்சதும் இவுக வயலுக்குத்தான் கதிரறுக்கப் போகணும். 'மதுரையில படிக்க வச்சதால வந்த திமிரு'ன்னு இவுக ஒரு வார்த்தை சொன்னாப் போதும். என் படிப்பை நிறுத்திருவாங்க."

நல்லகாமனின் வாய் தானாக மூடிக்கொண்டது. அது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

அதற்குள் கண்ணுச்சாமி சார் வந்து சேர்ந்தார். வழியில் அவருடைய டயர் பஞ்சராகி, ஒட்டி, மறுபடியும் பஞ்சராகியிருந்தது. வந்ததும் விஷயத்தைக் கேட்டார், கேட்டதும் வியர்த்தார். "போற ஊர்ல மரியாதையா நடந்துக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்? திரும்பிப் போயிருவோம். கல்லுல என்ன இருக்கு, கல்லுதானே!"

போகிற ஊருக்கு மரியாதை கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஊர் என்றால் யார் என்று சீனியம்மாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பட்டுக்கரை வேட்டி மட்டுமா ஊர்? தங்கப்பொண்ணும் இதே ஊர்தானே?

அவரவர் ஒரு யோசனை சொன்னார்களே தவிர, கேட்க வேண்டியவளை ஒருவரும் கேட்கவில்லை.

"தங்கப்பொண்ணு, நீ சொல்லு. நாங்க என்ன செய்யணும்?" என்றாள் சீனியம்மாள்.

தங்கப்பொண்ணு கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டினாள். "எங்கம்மா உங்களுக்காகக் கடலை அவிச்சு, பனங்கிழங்கு வேக வச்சு வச்சிருக்கு. எல்லாரும் வீட்டுக்கு வரணும். சண்டை வேணாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க எல்லாரும் மிதிச்சுப் போகையில நான் மட்டும் தள்ளிட்டு வர்றதை நீங்க பார்க்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

"இம்புட்டுத்தானா?" என்ற சீனியம்மாள், டபக்கென்று சைக்கிளை விட்டு இறங்கினாள். "அப்ப நாங்களும் தள்ளிட்டே வாரோம்."

ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கினார்கள். நல்லகாமன் கடைசியாக, முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். கண்ணுச்சாமி சார் இறங்கத் தேவையிருக்கவில்லை; பஞ்சரான சைக்கிளை அவர் ஏற்கெனவே தள்ளிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"ஐயா, உங்க தெருவுல நாங்களும் தள்ளிட்டே போறோம்," என்றாள் சீனியம்மாள்.

உக்கிரபாண்டிக்கு நெஞ்சு ஒரு சாண் அகலமாயிற்று. "பார்த்தியா! பிள்ளைகன்னா இப்படி இருக்கணும்!" என்று வாழைமரம் கட்டுகிறவனிடம் சொன்னார். பாவம், பின்னால் வரப்போவது அவருக்குத் தெரியவில்லை.

சீனியம்மாளுக்கும் தெரியாது. எல்லாம் அவள் போட்ட திட்டம் என்று பிற்பாடு தெப்பக்குளம் முழுக்க நல்லகாமன் சொல்லித் திரிந்தான். அவன் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். சிநேகிதியோடு சேர்ந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது.

வழி தெரிந்தவள் என்பதால் தங்கப்பொண்ணு முன்னால் போனாள். பக்கத்தில் சீனியம்மாள். பின்னால் இரண்டிரண்டு பேராக ஊர்வலம் கிளம்பியது.

மேலத்தெரு பெயரில்தான் பெரிய தெரு. அகலம் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு. அதிலும் அன்றைக்கு ஒரு பக்கம் பந்தல்கால், மறுபக்கம் சாக்கடை. ஒருவன் பெடல் அடுத்தவன் கம்பியில் மாட்டியது. ஒருத்தியின் தூக்குச்சட்டி கேரியரிலிருந்து விழுந்து உருண்டது. புளியோதரையைப் பொறுக்க நாலு பேர் குனிந்தார்கள். கண்ணுச்சாமி சாரின் செயின் கழன்றது. ஊர்வலம் நகர்ந்ததா, நின்றதா என்று பார்த்தவர்களுக்கே குழப்பம். பாதிப் பேர் இன்னும் பெரிய வீட்டு வாசலையே தாண்டவில்லை.

அப்போதுதான் பின்னால் ஹாரன் கேட்டது.

ரோஜாமாலை தொங்கும் முகப்போடு ஒரு வேன் தெருவுக்குள் நுழைந்திருந்தது. உள்ளே மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் சொந்தம், தாம்பாளத் தட்டுகள். முன்சீட்டில் மாப்பிள்ளையின் அத்தை. அந்த அம்மாள் டி. கல்லுப்பட்டியில் நேரம் காலம் பார்ப்பதில் பேர் போனவர். கையில் ஆம்பிளைக் கடிகாரம் கட்டியிருந்தார்.

"என்னண்ணே இது?" என்று தலையை வெளியே நீட்டினார் அத்தை. "பன்னிரண்டு அடிச்சா எமகண்டம். அதுக்குள்ள தட்டு மாத்தலேன்னா நாங்க இப்படியே திரும்பிப் போக வேண்டியதுதான்!"

உக்கிரபாண்டி பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. தெரு முழுக்கத் திண்டாட்டத்தை மறந்து வேடிக்கை பார்த்தது.

"ஏய் பிள்ளைகளா, ஒதுங்குங்க!"

"எங்க ஐயா ஒதுங்குறது? அந்தப் பக்கம் சாக்கடை, இந்தப் பக்கம் உங்க பந்தல்," என்றாள் சீனியம்மாள்.

"அப்ப வேகமாப் போங்க!"

"தள்ளிக்கிட்டுத்தானே ஐயா போறோம். இதுக்கு மேல வேகம் வராது."

ஹாரன் மறுபடியும் அலறியது. உக்கிரபாண்டி நெற்றியைத் துடைத்தார். "சரி, சரி! நீங்கள்லாம் ஏறி மிதிச்சுப் போங்க. அந்தக் காலனிப் பிள்ளை மட்டும் தள்ளிட்டு வரட்டும்."

ஒருவரும் ஏறவில்லை. நல்லகாமன் வாயைத் திறந்தான். சீனியம்மாள் பார்த்த பார்வையில் மூடினான்.

"ஐயா, அவதான் முன்னால போறா," என்றாள் சீனியம்மாள். "அவ தள்ளிட்டுப் போனா, பின்னால நாங்க எப்படி மிதிக்கிறது? அவ ஏறினாத்தான் நாங்க ஏற முடியும். நாங்க ஏறினாத்தான் உங்க மாப்பிள்ளை வர முடியும்."

உக்கிரபாண்டி முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். சொன்னதில் ஒரு ஓட்டையும் தட்டுப்படவில்லை.

"அண்ணே!" அத்தையின் குரல் வேனையும் தாண்டி வந்தது. "அந்தப் பிள்ளைய ஏறிப் போகச் சொல்ல உங்களுக்கு என்ன நோவு? சைக்கிளு உங்களுதா?"

தெருவே கேட்டது. பெரிய வீட்டு ஜன்னலில் முத்துத்தாய், புதுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவையே பார்த்தாள்.

"ஏறு தாயி," என்றார் உக்கிரபாண்டி, பல்லைக் கடித்துக்கொண்டு.

தங்கப்பொண்ணு ஏறவில்லை! அவசரம் அவருக்குத்தான், அவளுக்கு இல்லையே. ஹேண்டில்பாரை விடாமல் அவரை நேராகப் பார்த்தாள்.

"நீங்க சொல்றீகளா ஐயா?"

"நாந்தான் சொல்றேன்!"

"நாளைக்கு எங்கப்பாவ ஒண்ணும் சொல்ல மாட்டீகள்ல?"

"சொல்ல மாட்டேன்!"

"இன்னைக்கு மட்டுந்தானா ஐயா? நான் லீவுக்கு வரும்போதெல்லாம் இந்த வழியாத்தானே வரணும்?"

"அண்ணே, மணி!" என்றார் அத்தை.

"என்னைக்கும் மிதி! எல்லாரும் மிதிங்க! ஊர் கேட்கத்தான் சொல்றேன், ஏறித் தொலைங்க!" என்று கத்தினார் உக்கிரபாண்டி. தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம்.

தங்கப்பொண்ணு தாவணியை இழுத்துச் செருகினாள். இடது காலைப் பெடலில் வைத்தாள், ஒரு தாவு தாவினாள், ஏறிவிட்டாள். மணியை முதலில் அடித்தது நல்லகாமன் இல்லை, அவளேதான். கிணிங்! அடுத்து சீனியம்மாள், அடுத்து எல்லாரும். மேலத்தெருவில் அன்று கோயில் மணி தோற்றது. கண்ணுச்சாமி சார் பஞ்சர் டயரிலேயே ஏறி, டக்கு டக்கென்று குலுங்கிக்கொண்டே போனார்.

வேனும் வந்து சேர்ந்தது. தட்டும் நேரத்துக்குள் மாறியது.

கண்மாய்க்கரையில் தங்கப்பொண்ணின் அப்பா சுடலை நின்றுகொண்டிருந்தார். மகள் மேலத்தெருவுக்குள்ளிருந்து மிதித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் பயந்துபோய், "இறங்கு பாப்பா, இறங்கு!" என்று ஓடி வந்தார்.

"அவுகதாம்ப்பா ஏறச் சொன்னாக!"

"யாரு?"

"உக்கிரபாண்டி ஐயாதான்! வேணும்னா ஊரையே கேளுங்க!"

சுடலைக்கு நம்பவே முடியவில்லை. நாலு பேரிடம் கேட்டார். நாலு பேரும் அதையே சொன்னார்கள்; ஒருவர் உக்கிரபாண்டி ஓடியதை நடித்தும் காட்டினார். அதன் பிறகுதான் சுடலை சிரித்தார். கடலையும் பனங்கிழங்கும் அன்று போன வேகத்தைப் பார்த்து, தங்கப்பொண்ணின் அம்மா இன்னொரு பானையை அடுப்பில் ஏற்றினார். கல் தலையணையில் ஒவ்வொருவரும் படுத்துப் பார்த்தார்கள். கழுத்து வலிதான் மிச்சம்.

திரும்பும்போது உக்கிரபாண்டி வாசலில் சம்பந்திகளோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தங்கப்பொண்ணுதான் முன்னால் மிதித்து வந்தாள். அவர் பார்த்தார். புதுச் சம்பந்தி பக்கத்தில் இருந்தார். உடனே உக்கிரபாண்டி வானத்தைப் பார்த்து, "மழை வருமோ?" என்றார். தை மாதத்தில், ஒரு மேகம்கூட இல்லாத வானத்தைப் பார்த்து!

மறுநாள் சுடலை வயலுக்குப் போனார். உக்கிரபாண்டி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த வாரம் காலனிக்காரர் ஒருவர் மிதித்துப் போனார். "யாரைக் கேட்டு மிதிக்கிறே?" என்று மேலத்தெருவில் யாரோ கேட்க, "ஊர் கேட்க உக்கிரபாண்டி ஐயா சொன்னாகளே!" என்றார் அவர். அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை. சித்திரைக்குள் இது எல்லாருக்கும் பழகிப்போயிற்று.

பிறகு ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். நல்லகாமன் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போனான்; அங்கே யாரிடம் "நீங்க யாரு" என்று கேட்டானோ தெரியாது. சீனியம்மாள் திருநெல்வேலிக்கு வாழ்க்கைப்பட்டாள். தங்கப்பொண்ணு படித்து முடித்து, மேலூரில் டீச்சராகி, கூட வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டாள். உக்கிரபாண்டி மொய் எழுதினார் என்று சிலரும், எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று சிலரும் சொல்கிறார்கள்.

முத்துத்தாய்தான் டி. கல்லுப்பட்டிக்குப் போய்விட்டாளே. கல்யாணமாகிப் போன ஆறாவது மாதம், மாப்பிள்ளையின் அத்தை கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர, அவளும் சைக்கிள் பழகினாளாம். அதன் பிறகு முதல் தடவை ஊருக்கு வந்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டோரக் கடையில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, மேலத்தெரு முழுக்க மணியடித்துக்கொண்டே அப்பா வீட்டு வாசலுக்குப் போய் இறங்கினாள்.