எடையாள்

காலை ஆறு மணிக்கு மலையரசன் தீவு முனையிலிருந்த எடைத்தட்டில் ஏறிப் பலகையில் உட்கார்ந்தார். "தொண்ணூற்றிரண்டு. சரி," என்றது பாலத்தின் எடைக்கணக்கைப் பார்க்கும் எந்திரமான பாலமூளை. செங்குத்தாகத் தூக்கி நின்ற பாலம் மெல்ல இறங்கித் தீவையும் கரையையும் சேர்த்தது. பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடைகளும் அதன்மேல் நகரத் தொடங்கின.

கடல் உயர்ந்த பிறகு, புயல் சொல்லாமல் வருகிற காலம் அது. மின்சாரம் ஆஸ்பத்திரிக்கும் குடிநீருக்குமே போதவில்லை. பாலம் ஆள் எடையில்தான் இயங்கியது. கல்லை வைக்கலாமே என்றால், காற்று திரும்பும்போது கல் எழுந்திருக்காது. பாலத்தைக் காலி செய்துவிட்டு ஆள் எழுந்தால், பாலமும் கூடவே எழுந்து அலைக்குத் தப்பிவிடும். அதற்குத்தான் எடையாள்.

பத்தொன்பது வருஷம். ஒரு கிலோ கூடாமல் குறையாமல் மனைவி அளந்து போட்ட சோறு. மாலையில் அவர் எழுந்தால் பாலமும் எழுந்துவிடும். அதனால் இத்தனை வருஷத்தில் அக்கரையை அவர் மிதித்ததே இல்லை. இன்று மூன்று மணிக்கு அங்கே மகள் பூவிழிக்குக் கபடி இறுதி ஆட்டம். காற்றில் சத்தம் வரும், கேட்டுக்கொள்கிறேன் என்று அவளிடம் சிரித்தபடி சொன்னவருக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

மீன்காரி ராக்கம்மா அதைப் பார்த்துவிட்டாள். நேரே பாலமூளையிடம் போய், இங்கே இவர்தான் உட்கார வேண்டுமென்று எழுதியிருக்கிறதா என்று கேட்டாள்.

"எடை என்றுதான் விதி. ஆள் பெயர் இல்லை, ஆள் கணக்கும் இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை."

புருஷன் சன்னாசியை இழுத்து வந்தாள். மலையரசன் பக்கத்தில் இருவருமாக நெருக்கி உட்கார்ந்தார்கள். இவரைக் கழித்தால் எண்பத்தெட்டு, நான்கு குறைகிறது என்றது பாலமூளை.

"இத்தன வருசம் போட்ட சோறெல்லாம் எங்கதான்யா போச்சு?"

"ஒன் கத்தல்லயே செரிச்சிருச்சு," என்றான் சன்னாசி.

அவள் மீன்கூடையைத் தூக்கி மடியில் வைத்தாள். கணக்குச் சரியானது.

"எந்திரிங்கண்ணே. விக்காத மீனு நாளைக்குக் கருவாடாவும். ஆட்டம் நாளைக்கு வராது."

மலையரசன் எழுந்தார். பாலம் ஒரு நடுக்கம் நடுங்கி, இறங்கியபடியே நின்றது. முதல் பத்தடி பலகையைக் காலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து நடந்தார். பிறகு ஓடினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது பூவிழி எதிரணிக் கட்டத்துக்குள் பாடிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் அவரைக் கண்டாள். வாய் திறந்து கூப்பிட்டால் மூச்சு அறுந்துவிடும், ஆட்டமும் போய்விடும். கபடி, கபடி என்று அவரைப் பார்த்தே பாடினாள். குரல் உடைந்தது, சிரித்தது, ஆனால் அறுபடவில்லை. மூன்று பேரைத் தொட்டுவிட்டு, கோட்டைத் தாண்டி விழுந்த பிறகுதான் சொன்னாள்:

"அப்பா."