சேய்நலன் கொடுத்த விரலுறை

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் கூடாரத்தில் அன்றும் காலை ஏழு மணிக்குச் செயற்கைச் சூரியனைப் போட்டார்கள். ஐந்தாம் கூடாரத்துக்கு மட்டும் ஐந்து நிமிடம் முன்னாலேயே போட்டுவிட்டதாக வழக்கம்போல் யாரோ புகார் எழுதினார். பொற்கொடிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அவளுடைய எட்டு மாதக் குழந்தை ஆதிரையின் இடது கண் பீளை கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. நனைத்த பஞ்சால் துடைக்கத் துடைக்கச் சீழ் வந்தது. பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மருத்துவக் கூடத்தில் இருந்தது சேய்நலன், குழந்தைகளுக்கென்றே செய்த எந்திர மருத்துவர். தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ரத்தக்குழாய்க்குள் விட்டு எடுக்கும் பன்னிரண்டு விரல்கள் அதற்கு.

“கண்ணீர் மூக்குக்குள்ள இறங்குற குழாய் அடைச்சிருக்கும்மா. தேங்கின இடத்துல கிருமி சேர்ந்திருக்கு. கிருமிக்கு ஒரு வாரம் சொட்டு மருந்து. அடைப்புக்கு, நகத்த ஒட்ட வெட்டி, கையக் கழுவிட்டு, கண்ணோரம் மூக்குப் பக்கமா விரல வச்சு மெல்ல அழுத்திக் கீழ நீவி விடுங்க. பத்து தடவ, நாளைக்கு நாலு வேளை.”

“எந்த விரலால?”

“உங்க விரலாலதான்.”

பொற்கொடிக்குச் சுரீரென்றது. “நான் தடவி விடறதுக்கா செவ்வாய்க்கு வந்தோம்? கம்பிய விட்டு இப்பவே எடுத்துடுங்க!”

“அதுக்கு மயக்க மருந்து கொடுக்கணும். பெரும்பாலும் ஒரு வயசுக்குள்ள தானாத் திறந்துக்கும். நடுவுல கண்ணோரம் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வாங்க.”

“எம்பொண்ணு கண்ணு போயிடுச்சுன்னா?”

சேய்நலன் இரண்டு விநாடி யோசித்தது. அதன் கணக்கில் அது யுகம். வெறும் விரல் என்று சொல்லி அனுப்பிய பெற்றோரில் பாதிப் பேர் மூன்றாம் நாளே விட்டுவிட்டது அதற்குத் தெரியும். இழுப்பறையைத் திறந்து மெல்லிய வெள்ளை விரலுறை ஒன்றைக் கொடுத்தது.

“இத மாட்டிக்கிட்டு நீவுங்க. பத்து தடவ ஆனா பச்ச விளக்கு எரியும்.”

எந்திரங்களுக்குப் பொய் சொல்ல வராது. மீதியைப் பொற்கொடியே நினைத்துக்கொண்டாள். உள்ளே ஏதோ கதிர் இருக்கிறதாம் என்று கூடாரம் முழுக்கச் சொன்னாள். ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

ஏழாவது வாரம் ஒரு காலை, ஆதிரையின் கண் பளிச்சென்று தானாகத் திறந்தது. குழந்தை சிரிக்க, இவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வெடுக்கென்று கழற்றியதில் உறை கிழிந்தது. உள்ளே தடவை எண்ணும் சில்லும் ஒரு குட்டி விளக்கும்தான். கதிரும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று போனாள். அங்கே கைக்குழந்தையோடு ஒருவன் சேய்நலனிடம் கத்திக்கொண்டிருந்தான். குழந்தையின் கண்ணில் அதே பீளை.

“ஒரு ஊசிகூடப் போடாம விரலால நீவச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு டாக்டரா?”

“என் விரல்தான் தம்பி என் பொண்ணச் சரி பண்ணுச்சு” என்றாள் பொற்கொடி.

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “சும்மா இருங்கக்கா.”

பொற்கொடி பெருமூச்சு விட்டாள். தானே இழுப்பறையைத் திறந்து புது உறை ஒன்றை எடுத்தாள். “இந்தாங்க. உள்ள பயங்கரமான கதிர் இருக்கு. நாலு வேளையும் விடாம மாட்டி நீவணும்.”

அவன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

சேய்நலன் தயங்கித் தயங்கிக் கேட்டது: “அம்மா, நீங்க தினமும் கொஞ்ச நேரம் இங்க வந்து உட்கார முடியுமா? இந்த ஒரு வைத்தியம் மட்டும் எனக்கு வரல.”