இடுப்பளவு தண்ணீர்

"இருசி! உனக்குப் புத்தி இருக்குதா?"

காலையில் எழுந்ததும் இருசம்மாளின் காதில் விழும் முதல் பேச்சு இதுதான். குடத்தைச் சாய்த்து வைத்தால் புத்தி இல்லை. ஈர விறகை அடுப்பில் வைத்தால் புத்தி இல்லை. செல்வம்மாளின் மகளுக்குப் புத்தி கிடையாது என்பது கோட்டைக்குப்பம் முழுவதற்கும் தெரியும். செல்வம்மாளின் தொண்டை அப்படிப்பட்ட தொண்டை!

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி இருந்த காலம் அது. மூன்று வருஷமாக மழை இல்லை. ஏரி இருந்ததால் குப்பத்து மக்கள் அரை வயிறாவது சாப்பிட்டார்கள். உள்நாட்டு உழவர்களுக்கு அதுவும் இல்லை. "வேலை தர்றேன், கஞ்சி ஊத்தறேன்" என்று சொல்லித் தரகர்கள் அவர்களைப் படகில் கூட்டிவந்தார்கள். வந்தவர்களைக் கப்பலில் ஏற்றி, கடல் தாண்டி விற்றார்கள். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. குப்பத்தில் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பயம்தான், வேறென்ன?

அன்று இருசி ஏரியில் இறால் தடவிக்கொண்டிருந்தாள். குனிந்து, சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்ட இறாலைப் பறியில் போட வேண்டும். பறி என்பது வாய் குறுகிய ஓலைக்கூடை. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வாள். அவளுடைய நைனா, அப்பாதான், காய்ச்சலில் கிடந்தார். இந்த இறாலைக் கொடுத்து நொய்யரிசி வாங்கினால்தான் இன்று அவருக்குக் கஞ்சி.

உச்சி வெயிலில் நிமிர்ந்து பார்த்தாள். ஏரி நடுவில் ஒரு பெரிய படகு லேசாகச் சாய்ந்து நின்றது. ஏரி கடலோடு சேர்ந்தது; கடல் இறங்கும் நேரத்தில் தண்ணீர் வடிந்திருந்ததால் தரை தட்டிவிட்டது. தரகர்கள் இரண்டு பேர் சின்னத் தோணியில் ஏறிக் கோட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

இருசி குனிந்தபடியே படகை நெருங்கினாள். உள்ளே இருபது பேர் இருப்பார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. கையில் கட்டு இல்லை. காவலுக்கு ஆளும் இல்லை.

"ஐயோ அப்பா! தண்ணிக்குள்ள ஒரு தலை!" என்று ஒரு சிறுமி அலறினாள். அவள் பெயர் பவுனம்மாள்.

அவளுடைய அப்பா வரதன் பதறிப்போய்ப் படகுக்கு வெளியே சாய்ந்தார். "பாப்பா, முழுகிடாதே! என் கையைப் பிடிச்சுக்கோ!"

நீட்டிய கை குச்சிபோல் இருந்தது. இருசி பறியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நான் இன்னாத்துக்கு முழுகணும்? நின்னுக்கினுதானே இருக்கேன்?"

"ஏதோ பாறை மேல நிக்கிறே போல. இங்க மூணு பனைமரம் ஆழமாம். கால் வெச்சா இழுத்துக்குமாம். தரகர் சொன்னாரு."

"மூணு பனைமரமா?" இருசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படகை ஒரு சுற்று நடந்து வந்தாள். "ஏரி முழுக்கவா பாறை இருக்கும்? நல்லாப் பாருங்க. எனக்கே இடுப்பளவுதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த முகங்களைப் பார்த்ததும் இருசியின் சிரிப்பும் நின்றுபோனது. அவர்களைக் கட்டிப்போடாமல் விட்டது ஏன் என்று இப்போது புரிந்தது. பயமே போதும் என்று விட்டுப்போயிருக்கிறார்கள், பாவிகள்!

"கஞ்சி ஊத்தறதுக்குக் கூட்டினு போகலை. கப்பல்ல ஏத்தி வித்துடுவாங்க," என்றாள். "சாயங்காலம் தண்ணி ஏறும். படகு மிதக்கும். அவங்களும் வந்துடுவாங்க. இப்பவே இறங்குங்க."

வரதன் மகளைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் அவருக்குத் தொடைவரைதான் வந்தது.

"இவ்ளோதானா?" என்று கேட்டவர், நின்ற இடத்திலேயே விம்மி அழுதார். "இதுக்கா காலையிலேருந்து உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம்?"

ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒரு கிழவரும் அவர் மனைவியும் மட்டும் அசையவில்லை.

"இறங்குங்க தாத்தா, நான் பிடிச்சுக்கறேன்."

"திரும்பிப் போய் எதைத் தின்னறது தாயி? அவன் ஒரு வேளைக் கஞ்சியாவது ஊத்துவான். நீங்க போங்க."

இருசி நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"நேராப் போகக்கூடாது. நடுவுல ஓடை இருக்கு, அது நிஜமாவே ஆழம்," என்று மற்றவர்களிடம் சொன்னாள். சேலைத் தலைப்பையும் துண்டையும் முடிந்து நீளமாக்கி, எல்லாரையும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். முன்னால் அவள் நடந்தாள். காலடியில் மணல் கெட்டியாக இருந்தால் வழி. களிமண் வழுக்கினால் ஓடை பக்கத்தில். இரண்டு முறை கால் வழுக்கியது. இரண்டு முறையும் நின்று, திரும்பி, சுற்றி நடந்தாள்.

மேற்குக் கரையின் முள்காட்டை அடைந்தபோது தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. பவுனம்மாள் பறியையே பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். இருசிக்கு நைனாவின் நினைவு வந்தது. ஆனாலும் பறியை அவள் கையில் கொடுத்துவிட்டாள். வரதன் கையெடுத்துக் கும்பிட்டார். முள்காட்டுக்குள் எல்லாரும் மறைந்தார்கள்.

வெறுங்கையோடு வந்த மகளைப் பார்த்ததும் செல்வம்மாள் கத்தினாள். "பறி எங்கேடி? உங்க நைனாவுக்கு இன்னாத்தைக் காய்ச்சறது? புத்தி இருக்குதா உனக்கு?"

இருசி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா மறுபடி கத்தவில்லை. அது இருசிக்கு இன்னும் பயமாக இருந்தது.

பொழுது சாயும்போது தரகன் தடியோடு வந்தான். "மதியம் ஏரியில இருந்தது உன் மவதானாமே? ஆளுங்களை இறக்கி விட்டது இவதானே?"

செல்வம்மாள் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்தாள். அப்புறம் தொண்டையைத் திறந்தாள் பாருங்கள்!

"நல்லா கேட்டே போ! இவளா? ஈர விறகை அடுப்புல வெக்கிறவ இவ! இறால் பிடிக்கப் போய்ப் பறியையே தொலைச்சுட்டு வந்து நிக்கிறா! இவளுக்கு ஏது புத்தி?"

"ஆமாய்யா, அதுக்குச் சுத்தமாப் புத்தி கிடையாது!" என்றாள் எதிர்வீட்டு ஜெயம்மா. "ஊருக்கே தெரியுமே!" என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த அங்கமுத்து. இத்தனை நாள் வாய் திறக்காத குப்பம் அன்று வாய் திறந்தது. இருசி விரலை வாயில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தாள்.

தரகன் காறித் துப்பிவிட்டுப் போனான். தூரத்தில் அந்தப் படகு, அந்தக் கிழவரும் மனைவியுமாக இரண்டே இரண்டு பேரோடு கோட்டைப் பக்கம் போனது. அம்மா இன்னும் இருசியின் கையைப் பிடித்திருந்தாள். படகு மறையும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை. இருட்டும் முன் ஜெயம்மா இரண்டு கை நொய்யரிசியை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் செல்வம்மாள் குப்பம் முழுக்கக் கேட்கும்படி, என்றைக்கும் இல்லாத சத்தத்தில் கத்தினாள்.

"இருசி! உனக்குப் புத்தி இருக்குதா?"

"இல்லம்மா!" என்று இருசியும் அதே சத்தத்தில் கத்தினாள்.