வெளியில் போட்ட நாதாங்கி

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய சித்திரை மாதத்தில், கங்காதரனும் அவன் மனைவி பத்மாவும் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு திருத்தணி ஸ்டேஷனில் இறங்கினார்கள். அப்பாவின் வீடு நந்தியாற்றுப் பக்கம் இருந்தது. கல் சுவர், நாட்டு ஓடு, ஒரு கூடம், அதை ஒட்டிச் சன்னல் இல்லாத ஓர் உள்ளறை. உச்சி வெயிலில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தது.

அப்பா தேசப்பன் வாசலுக்கு வந்து, மகனின் முகத்தருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார்.

"யாரு, கங்காவா? வா, வா. சோறு ஆக்கிகினு இருக்கேன். இன்னும் ரெண்டு புடி அரிசி போட்டா ஆச்சு."

முப்பது வருஷம் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து, வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தோடு நடந்த மனிதர். மனைவி போன பிறகு ஒன்பது வருஷமாகத் தனியாகவே இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆனாலும் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டே சோற்றின் பதம் சொல்வார். பத்மா கரண்டியை வாங்கப் போனாள். அவர் தரவில்லை.

"நீ உக்காரும்மா. எனக்கு இது பழக்கம்."

முதலில் கங்காதரனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பிறகு தெரு பேச ஆரம்பித்தது. "புள்ளையும் மருமவளும் வூட்ல இருக்கச்சொல்ல, பெரியவரு கைய சுட்டுகினு கெடக்கறாரே" என்று பக்கத்து வீட்டு அன்னம்மாள் அவன் காதில் விழும்படியே சொன்னாள். அப்பாவிடமிருந்து கரண்டியைப் பிடுங்கவும் முடியவில்லை, தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவும் முடியவில்லை.

ஆனி மாதம் ஒரு காலையில், சரவணப் பொய்கைப் படியில் அப்பா வழுக்கி விழுந்தார். வேட்டி அவிழ்ந்து தண்ணீரில் மிதந்தது. கோவணத்தோடு நாலு காலில் தவழ்ந்து அவர் படியைத் தடவினார். யாரோ சிரித்தார்கள். கங்காதரனுக்குப் பக்கத்தில் அவன் ஆபீஸ் தலைமை குமாஸ்தா சடகோபன் குடும்பத்தோடு நின்றிருந்தார். அவரும் பட்டணத்தை விட்டு இங்கே வந்து தங்கியிருந்தார்.

"யாருப்பா அது, உனக்கு வேண்டியவரா?"

"இல்ல சார். எங்க தெருக்காரரு."

அப்பாவுக்குக் கண்தான் மங்கல். காது நன்றாகக் கேட்கும்.

அவர் மறுநாளும் குச்சியை ஊன்றிக்கொண்டு தனியாகவே குளிக்கப் போனார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. விடிந்ததிலிருந்து தெருவெல்லாம் காவடி, அரோகரா சத்தம். முற்பகலில் அப்பா துவைத்த வேட்டி கட்டி, நெற்றி நிறைய திருநீறு பூசி நின்றார்.

"நான் கெளம்பறேன்."

"கூட்டத்துல மிதிச்சிடுவாங்க நைனா. இந்த வருசம் வேணாம்."

"வருசா வருசம் மலை ஏறுறவன்டா நான். என் காலு ஏறுது, உனக்கு இன்னா?"

மேல்துண்டை எடுக்க அவர் உள்ளறைக்குள் போனார். கங்காதரன் கதவைச் சாத்தி, வெளியே நாதாங்கியை மாட்டினான்.

"பாவங்க, தொறந்து வுட்டுட்டுப் போலாம்" என்றாள் பத்மா.

"ஒரு மணி நேரத்துல வந்துடப் போறோம். இரு."

கூட்டத்தில் அப்பா மிதிபடுவார் என்ற பயம் அவனுக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் மலைப் படியடியில் சடகோபன் குடும்பம் காத்திருந்தது என்பதும் நிஜம்.

மலையில் கூட்டம் நகரவே இல்லை. தரிசனம் முடிந்து சடகோபன் வீட்டில் காபி குடித்துவிட்டு அவர்கள் திரும்பியபோது விளக்கு வைத்துவிட்டார்கள்.

நாதாங்கியை எடுத்துத் தள்ளினான். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. அதன் மேல் சாய்ந்து அப்பா உட்கார்ந்திருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. இரண்டு கை முட்டிகளிலும் தோல் உரிந்திருந்தது. துவைத்துக் கட்டிய வேட்டி இடுப்புக்குக் கீழே நனைந்து கிடந்தது.

யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் கங்காதரன் அந்த வேட்டியை மாற்றினான். பாயில் கிடத்தினான். நனைந்த வேட்டியைக் கொல்லையில் புதைத்தான். பிறகுதான் அழுதான்.

"தூக்கத்துலயே போய்ட்டாரு" என்று ஊருக்குச் சொன்னான்.

"குடுத்து வச்சவரு" என்றது ஊர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போனார்கள். மறுநாள் மதியம். பத்மா கூடத்தில் படுத்திருந்தாள். வெளியே ஒரு காகம்கூடக் கத்தவில்லை. வெயில் சூட்டில் ஓடு சடசடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. திறந்தே போட்டிருந்த உள்ளறைக் கதவு சாத்தியிருப்பதைக் கங்காதரன் பார்த்தான். நாதாங்கியும் மாட்டியிருந்தது.

"நீயா சாத்தின?"

"நான் அந்தப் பக்கமே போவலிங்க."

உள்ளேயிருந்து ஒரு தட்டு. மெதுவாக, பழக்கப்பட்ட கை தட்டுவது போல.

"கங்கா. கதவ தொற."

கோபமில்லாத, வெகு சாதாரணமான குரல்.

அவன் எழுந்து திறக்க வெகு நேரமாயிற்று. அறையில் யாரும் இல்லை. ஆனால் கதவடியில் மண் தரை ஈரமாக இருந்தது. மூத்திர நெடி மூக்கைக் குத்தியது.

பத்மா சாணம் போட்டு மெழுகினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கதவு சாத்தாதபடி அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தான். மதியம் அம்மிக்கல் சுவரோரம் இருந்தது. நாதாங்கி மாட்டியிருந்தது. இந்தத் தடவை தட்டல் வேகமாக வந்தது.

"கங்கா, இருக்கியா? வெளிய போவணும்டா. அடக்க முடியல."

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அந்தக் கிருத்திகை நாளில் அப்பா என்ன சொன்னார் என்று கேட்க ஆளே இருக்கவில்லை. தெருவே மலையில் இருந்தது. அந்தப் பொழுது முழுக்க அவர் பேசியதை இப்போது அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது?

"வேற ஊருக்குப் போயிடலாம்" என்றான்.

"எந்த ஊருக்கு?" என்றாள் பத்மா. "நீங்க நாதாங்கி மாட்டச்சொல்ல நானும் பாத்துகினுதான இருந்தேன்?"

மூன்றாம் நாள் தட்டல் இல்லை. பலகையை நகத்தால் பிறாண்டும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்குவது கேட்டது. ஒருவரிடமும் கைநீட்டாத அப்பா, மேஸ்திரியிடம்கூட நிமிர்ந்து பேசிய அப்பா, கதவுக்குப் பின்னால் மெல்லச் சொன்னார்.

"ஐயா."

கங்காதரன் காதைப் பொத்தினான்.

"ஐயா, சாமி, யாராவது இருக்கீங்களா? கொஞ்சம் தொறங்க. வேட்டி… வேட்டி பாழாயிடுச்சுங்க. மருமவ வந்துடும். அதுக்குள்ள தொறந்து வுடுங்க."

அவன் தெருவுக்கு ஓடினான். கொளுத்துகிற வெயிலில், செருப்பில்லாமல், நடுத்தெருவில் நின்று கத்தினான்.

"தூக்கத்துல சாவல! நான்தான் உள்ள வச்சி நாதாங்கி போட்டேன். எங்க நைனாவ நான்தான் உள்ள வச்சேன்!"

கதவுகள் திறந்தன. அன்னம்மாள் வாசலுக்கு வந்து நின்றாள். கங்காதரன் எல்லாவற்றையும் சொன்னான், பொய்கைப் படியில் சொன்னதையும், கொல்லையில் புதைத்ததையும். எதிர்ச்சாரியில் தலைமை குமாஸ்தா சடகோபனும் குடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் திட்டவில்லை. அன்னம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேட்டி வேற மாத்தி வச்சியா?" என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள்.

மறுநாள் காலை ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு ஆசாரியை வரவழைத்தான். இந்த ஊர்க் கதை எதுவும் தெரியாத ஆள். உள்ளறைக் கதவைக் கழற்றிக் கொண்டுபோய்விடும்படி சொன்னான். அங்கே நிற்கத் தைரியமில்லாமல் தெருவில் வந்து நின்றான். பத்மா கூடத்து மூலையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள்.

உளி தட்டும் சத்தம் கேட்டது. கீல் கழன்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆசாரி கதவை முதுகில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஆச்சுங்க. கதவோட அடியில பூரா பிறாண்டி வச்சிகிது, எலியா இன்னா?"

கங்காதரன் கதவைப் பார்க்காமல் தெருக்கோடியைப் பார்த்தான்.

"பெரியவரு எழுந்திரிக்கத்தான் ரொம்ப செரமப்பட்டாருங்க" என்று ஆசாரி கதவை இறக்கி வைத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பாவமா இருந்துச்சி, கைய நீட்டினேன். 'வுடுப்பா, நானே வர்றேன்'னுட்டாரு."

கங்காதரன் ஆசாரியின் தோளைப் பிடித்தான்.

"எங்க… எங்க போனாரு?"

"வெளிய வருவாருன்னு வழி வுட்டு நின்னேன். வரல. கூடத்துலதான் நடந்துகினு இருக்காரு."

கங்காதரன் வாசல் வழியாக உள்ளே பார்த்தான்.

கூடத்தில் பத்மாவைத் தவிர யாரும் இல்லை.

பத்மா முறத்தைக் கீழே வைத்தாள். மெல்ல எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். தலையைக் குனிந்து, சுவரோடு சுவராக ஒட்டி நின்று, வழி விட்டாள்.