குளவி கூடு கட்டிய குழாய்

சவளக்கடை நெல் ஆலை முதலாளி சீனிமுகம்மது ஹாஜியார் விடிந்ததும் விடியாததுமாகக் கல்முனைக்குடிக்கு வந்துவிட்டார். பழைய எஞ்சின் மெக்கானிக் அபுல் ஹஸனின் வீட்டுக் கதவைத் திறந்தவன் மெக்கானிக்கின் மச்சான் றம்ஸீன். துப்புத் துலக்குவதென்றால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

“நேத்துக் காலையில ஒம்பது மணிக்கு எஞ்சின் நிண்டு போச்சு. உள்ளுக்கு முழுக்கத் தார். எஞ்சின் ஓட்டுற தங்கராசா ஈர விறகு போட்டுட்டான். ஒம்பது வருஷம் வேலை செஞ்சவன், இண்டைக்கு நிப்பாட்டப் போறன். அதுக்கு முந்தி நீங்க ஒருக்காப் பாருங்க.”

அபுல் ஹஸனிடம் இப்படிப் பேசிக்கொண்டிருந்த ஹாஜியார் நடுவே எழுந்து, முற்றத்தில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்ப் பைப்பை இறுக்கிவிட்டு வந்தார்.

ஆலையில் விறகை அரைகுறைக் காற்றில் எரித்து, அதில் வரும் வாயுவால் எஞ்சினை ஓட்டுகிறார்கள். விறகு ஈரமென்றால் தார் வரும்; காய்ந்த விறகானாலும் உலை சூடேறும்வரை வருவது தார்ப்புகை. அதை வெளிக்குழாயில் கொளுத்தித் தீர்த்த பிறகே வாயுவை எஞ்சினுக்குத் திருப்ப வேண்டும்.

மூவரும் ஆலைக்குப் போனபோது தங்கராசா முகம் செத்துப்போய் நின்றான். கோயில் திருவிழாவுக்கு எட்டு நாள் லீவில் போனவன், நேற்றுக் காலை எட்டு மணிக்குத்தான் திரும்பியிருந்தான். அப்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“விறகு காய்ஞ்சதுதான் முதலாளி. நான் ஒரு கூடைதான் போட்டன்.”

“அந்த ஒரு கூடைதான் ஈரம்,” என்றான் றம்ஸீன், வழக்கைத் தானே முடித்துவிட்ட திருப்தியோடு.

அபுல் ஹஸன் கூடையில் மிஞ்சிய இரண்டு கட்டைகளைத் தட்டினார். காய்ந்த விறகாய்க் கணீரென்றது. எஞ்சின் வால்வைச் சுரண்டினார். மேலே பிசுபிசுப்பு, அடியில் கல்லாய் இறுகிய தார். பிறகு ஏணி வைத்து வெளிக்குழாயின் வாயை எட்டிப் பார்த்தார். காய்ந்த மண்கூடு ஒன்று அதை அடைத்திருந்தது.

“மச்சான், குளவி எங்க கூடு கட்டும்?”

“நெருப்பில்லாத இடத்துல.”

“ஓம். கன நாளா இந்தக் குழாயில நெருப்பு எரியல்ல. தாரும் ஒரு நாள்ல படிஞ்சதில்ல. தங்கராசா இல்லாத எட்டு நாளும் எஞ்சினை ஓட்டினது ஆரு?”

“நான்தான்,” என்றார் ஹாஜியார்.

“காலையில எங்கட பைப்பை இறுக்கின கைதான் இதையும் மூடியிரிக்கும் எண்டு நினைச்சன்.”

ஹாஜியாரின் முகம் சுருங்கியது. “பத்து நிமிஷம் வாயு சும்மா எரிஞ்சு போகுதே. வீண்விரயம் கூடாது எண்டு மார்க்கத்துல இரிக்கு. அதான் நேரே எஞ்சினுக்கு விட்டன்.” அவர் தங்கராசாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அநியாயமாப் பழி சொல்லிட்டன். மன்னிச்சிரு.”

தங்கராசாவின் கண் கலங்கிவிட்டது. குச்சியால் கூட்டைத் தட்டிவிட்டான்.

“நாளைக்கும் பத்து நிமிஷம் எரிப்பன் முதலாளி. பார்த்துக்கிட்டு இரிப்பீங்களா?”

“நீ எரி. நான் மற்றப் பக்கம் திரும்பி நிக்கிறன்.”