எவர்சில்வர் குழாயும் இரண்டு முட்டைகளும்

"என்ர ஊட்டுக்காரரு கொலைகாரரு இல்லீங்க."

பாய்லர் இன்ஸ்பெக்டர் வேலையை விட்டுவிட்டு நாமக்கல்லில் துப்பறிந்துவந்த செங்கோட்டையன், எதிரே நின்ற அத்தாயியை உட்காரச் சொன்னார். முந்தின நாள், மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் வாயுக் குழாய் பிளந்து, கந்தப்பன் என்ற தொழிலாளி மூச்சடைத்துச் செத்திருந்தான். அவனோடு சண்டை போட்டிருந்த சடையன், சம்மட்டியால் குழாயை உடைத்துவிட்டு ஓடினான் என்று மேனேஜர் தங்கசாமி புகார் கொடுத்திருந்தார். சடையன் அத்தாயியின் கணவன்.

"ஓடுனாரா?"

"வெளிய போனது நெசமுங்க. எதுக்குன்னு கேக்க என்னைய ஸ்டேசனுக்குள்ள உடலீங்க. மடியில உப்புப் பொட்டலம் இருந்துச்சுன்னு ஏட்டு சிரிக்கறாரு."

காரோட்டி தீர்த்தகிரி அதற்குள் சாவியை எடுத்திருந்தான். "உப்பை வெச்சு எவன்ணா கொலை பண்ணுவான்? வாங்க போலாம்."

ஆலை நின்றிருந்தது. கிழங்குக் கழிவுத் தொட்டியின் வாயுவை அடுப்புக்குக் கொண்டுபோகும் குழாயைச் சுற்றி, அழுகிய முட்டை வாடை இன்னும் போகவில்லை. உள்ளே தண்ணீர் கட்டாமல் இருக்க, அதன்மேல் மெல்லிய நீராவிக் குழாய் ஒன்று சுற்றப்பட்டிருந்தது.

"எவர்சில்வருங்க, துருவே புடிக்காது," என்றார் தங்கசாமி. "தானா எப்பிடி உடையும்? சூடு அறுவது டிகிரியைத் தாண்டக்கூடாதுன்னு வித்தவங்க சொன்னாங்க. மீட்டரைப் பாருங்க, அம்பத்தஞ்சு."

செங்கோட்டையன் குழாயில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. பிளவின் ஓரத்தில் மயிரிழைக் கீறல்கள் வேர்போலக் கிளை விட்டிருந்தன. பக்கத்தில் குழாயோடு கட்டியிருந்த ஈரச் சாக்குக்குள் கையை விட்டார். இரண்டு முட்டைகள்.

"நாத்தம் இதுதானா?" தீர்த்தகிரி மூக்கைப் பொத்தினான்.

அவர் ஒன்றை உடைத்தார். கெடவில்லை. மஞ்சள்கரு இறுகி, பொடியாக உதிர்ந்தது.

மாலையில் ஏட்டு சடையனைக் கூட்டிவந்தார். எல்லோரும் குழாயருகே நின்றார்கள்.

"சம்மட்டி பட்டா நசுங்கியிருக்கணும். நசுங்கலை," என்றார் செங்கோட்டையன். "இந்த ஊர்த் தண்ணி உப்பு. உப்பும் இந்த வாயுவும் இருக்கற எடத்துல சூடும் ஏறுனா, எவர்சில்வர் துருவே காட்டாம உள்ளருந்து கீறும். அம்பத்தஞ்சுல மஞ்சக்கரு இப்பிடி வேகாதுங்க. நீராவிய அளவுக்கு மேல தெறந்து உட்டுருக்கீங்க, தங்கசாமி."

"மீட்டரு?" என்றார் ஏட்டு.

"நேத்தே ஆலை நின்னுபோச்சு, குழாய் ஆறிக் கெடக்குது. முள்ளு மட்டும் எறங்கலை. மீட்டர் பெட்டியத் தெறங்க, சாவி உங்ககிட்டத்தான இருக்குது."

முள்ளின் அடியில் பசை காய்ந்திருந்தது.

"குழாய்ல தண்ணி கட்டிக் கட்டி அடிக்கடி ஆலை நின்னுச்சு. கிழங்கு லாரி ரோடு வரைக்கும் நிக்குது, நான் என்ன பண்றது?" என்றார் தங்கசாமி.

செங்கோட்டையன் திரும்பினார். "சடையா, நீ எதுக்கு வெளிய போன?"

"சண்டை வேண்டாம்னு கந்தப்பன்தானுங்க முட்டை கொண்டாந்தான். ஆளுக்கு ஒண்ணு. உப்பு வாங்கிட்டு வாடான்னு அனுப்புனான்." சடையன் குழாயைப் பார்த்தபடி நின்றான். "மழைக்கு முந்தியிருந்தே இதுலதானுங்க வேகவெச்சுத் தின்னோம். அடுப்பில்லாமயே வேகுதேன்னு சந்தோசப்பட்டோம்."

ஏட்டு உப்புப் பொட்டலத்தை நீட்டினார். சடையன் வாங்கவில்லை.